ஐந்து மாதமாக நிற்காத வயிற்றுப்போக்கு: மருந்துக்கு முன் மாத்திரைப் பை

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் ஒருமுறை திருப்பிச் சொல்லிக்கொள்கிறேன். வயது 43, திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். ஐந்து மாதமாகத் தினமும் நாலைந்து தடவை வயிற்றால் போகிறது. காலையில் எழுந்ததும் இரண்டு, ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் அரைமணி நேரத்தில் ஒன்று. வயிறு உப்பி, கடமுடவென்று சத்தம். ரத்தம் இல்லை, காய்ச்சல் இல்லை, எடை ஒரு மூன்று கிலோ குறைந்திருக்கலாம். மருந்துக்கடையில் மூன்று தடவை மாத்திரை வாங்கிப் போட்டீர்கள். போட்ட நாலு நாள் நின்றது, அப்புறம் பழைய கதை. "இது கிராணியா, குடல் புற்றுநோயா, நிரந்தரமாக நிறுத்த என்ன மருந்து?" என்று கேட்டுவிட்டு, அதற்குக் கீழே போகிறபோக்கில் இரண்டு வரி சேர்த்திருக்கிறீர்கள். மூன்று வருடமாகச் சர்க்கரை இருக்கிறது, ஆறு மாதத்துக்கு முன்னால் மாத்திரையை மாற்றினார்கள் என்பது ஒன்று. வீட்டில் தயிர், மோர் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்கிறார்கள், நிறுத்தணுமா என்பது இன்னொன்று.

நீங்கள் கேட்டது மருந்தின் பெயர். ஆனால் இது ஏன் நிற்க மாட்டேன் என்கிறது, பயப்படும்படி ஏதாவது இருக்கிறதா என்பதுதான் உங்கள் மனசில் இருக்கிற கேள்வி என்று நினைக்கிறேன். இருபது வருடத்துக்கு மேலாகக் குடல் நோயாளிகளைப் பார்க்கிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். உங்களை நேரில் பார்க்கவில்லை, வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை. ஆகவே இது நோய் கணிப்பு ஆகாது. எந்த வழியில் யோசிக்க வேண்டும், டாக்டரிடம் போய் என்ன கேட்க வேண்டும் என்பதற்கு உதவலாம்.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்த வரியில்தான் என் கண் நின்றது. மாத்திரை மாற்றியது ஆறு மாதம் முன்னால், வயிற்றுப்போக்கு தொடங்கியது ஐந்து மாதம் முன்னால். என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் செய்யச் சொல்வது ஒன்றுதான்: வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து மேஜையில் கொட்டுங்கள். அட்டைகள், பாதி வெட்டிய அட்டைகள், ஜெல் பாட்டில், நாட்டு மருந்துப் பொடி, சுகர் ஃப்ரீ பிஸ்கட் வரை. ஸ்கேனும், பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப்பியும் கொடுக்காத பதிலை அந்தப் பை கொடுத்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அசிடிட்டிக்கு வேளாவேளைக்குக் குடிக்கும் ஜெல்லில் மெக்னீசியம் இருக்கும், அது பேதியாக்கும். மலச்சிக்கலுக்கென்று எப்போதோ தொடங்கிய நிலவாகைச் சூரணத்தை நிறுத்த மறந்திருப்பார்கள். யூரிக் ஆசிட் மூட்டுவலிக்குக் கொடுக்கும் கோல்ச்சிசின், சில பிரஷர் மாத்திரைகள், நீண்ட நாள் போடும் அசிடிட்டி மாத்திரைகள், வலி மாத்திரைகள் என்று பட்டியல் நீளமானது. ஒருவர் சர்க்கரை நோய்க்காக 'சர்க்கரை இல்லாத' பிஸ்கட்டைத் தினம் ஒரு பாக்கெட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதில் இனிப்புக்குப் போட்டிருந்த மால்டிட்டால் குடலில் முழுசாக உறிஞ்சப்படாது, தண்ணீரை இழுத்துக்கொண்டு வெளியே வரும். பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில், அதிகம் சாப்பிட்டால் மலம் இளகும் என்று அச்சடித்தே இருந்தது.

உங்கள் விஷயத்தில் சந்தேகம் சர்க்கரை மாத்திரை மேல். சர்க்கரைக்குப் பெரும்பாலும் முதலில் கொடுக்கும் மெட்ஃபார்மின் நல்ல மருந்து, விலை குறைவு, பல வருட அனுபவம் உள்ளது. ஆனால் வயிற்றைக் கலக்குவதில் பேர்போனது. பெரும்பாலோருக்குத் தொடங்கிய முதல் சில வாரங்களில் வந்து தானாக அடங்கிவிடும். அளவைக் கூட்டும்போது திரும்பவும் வரலாம். வருடக்கணக்கில் ஒரு தொல்லையும் இல்லாமல் போட்டுக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று வருவதும் உண்டு. இதைத்தான் நோயாளிகளும், சில சமயம் டாக்டர்களும், நம்ப மாட்டார்கள். நம் ஊரில் இன்னொரு சிக்கல், ஒரே மாத்திரையில் மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, வோக்லிபோஸ் மூன்றையும் சேர்த்து விற்கிறார்கள். வோக்லிபோஸின் வேலையே மாவுச்சத்து சிறுகுடலில் செரிப்பதைத் தாமதப்படுத்துவதுதான். செரிக்காத இட்லியும் சோறும் பெருங்குடலுக்கு இறங்கினால் அங்கிருக்கும் பாக்டீரியா அதை நொதிக்க வைக்கும். காற்று, உப்புசம், சத்தம், சாப்பிட்டவுடன் கழிப்பறைக்கு ஓட்டம். நீங்கள் எழுதியதும் ஏறக்குறைய இதேதான்.

அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பி, என்னென்ன மருந்து எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள். மெட்ஃபார்மின் 500 ஆக இருந்தது 1000 ஆகியிருக்கிறதா, வோக்லிபோஸ் புதிதாகச் சேர்ந்திருக்கிறதா? அதை எடுத்துக்கொண்டு சர்க்கரைக்குப் பார்க்கும் டாக்டரிடம் போய், "இது தொடங்கிய பிறகுதான் வயிறு இப்படி ஆகிவிட்டது, இரண்டு வாரம் மாற்றிப் பார்க்கலாமா?" என்று நேராகக் கேளுங்கள். மாத்திரைதான் காரணம் என்றால் பெரும்பாலும் சில நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் மாற்றம் தெரியும். மெதுவாகக் கரையும் வகை மெட்ஃபார்மினுக்கு மாற்றுவதும், அளவைக் குறைத்து சாப்பாட்டோடு சேர்த்து எடுப்பதும் பலருக்கு உதவுகிறது. நீங்களாகவே நிறுத்தாதீர்கள். சர்க்கரை ஏறினால் அது வேறு வம்பு. மெட்ஃபார்மின் ஏன் வயிற்றைக் கலக்குகிறது என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. பித்த உப்புகள் உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது என்பது ஒரு விளக்கம், குடல் பாக்டீரியாவை மாற்றுகிறது என்பது இன்னொன்று.

சரி, மாத்திரைதான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. பொருந்துகிறது, அவ்வளவுதான். அது இல்லையென்றால் என்ன என்று பார்ப்பதற்கு முன், குடல் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு கணக்கு சொல்கிறேன். சாப்பாட்டிலும் தண்ணீரிலும் ஒரு நாளைக்கு உள்ளே போவது சுமார் இரண்டு லிட்டர் திரவம். எச்சில், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர், குடல் சுரப்பு எல்லாம் சேர்ந்து இன்னொரு ஏழு லிட்டர் உள்ளே ஊறுகிறது. இந்த ஒன்பது லிட்டரில் பெரும்பகுதியைச் சிறுகுடல் உறிஞ்சிக்கொள்ள, பெருங்குடலுக்குப் போவது ஒன்று, ஒன்றரை லிட்டர். கடைசியில் மலத்தோடு வெளியே வருவது ஒரு டம்ளருக்கும் குறைவான தண்ணீர். உறிஞ்சுவதில் சின்னக் குறை வந்தாலும், சுரப்பு கொஞ்சம் கூடினாலும், குடல் அவசரப்பட்டுத் தள்ளினாலும் தண்ணீராகப் போகும். அதனால்தான் காரணங்கள் இத்தனை விதமாக இருக்கின்றன.

இரண்டு வாரத்துக்குள் நிற்பதைத் திடீர் வயிற்றுப்போக்கு என்போம். பெரும்பாலும் கிருமி, பெரும்பாலும் தானாகச் சரியாகும். நாலு வாரம் தாண்டிவிட்டால் நாள்பட்டது. இந்தக் கோட்டைத் தாண்டியதும் காரணங்களின் வரிசையே மாறிவிடுகிறது. சாதாரண பாக்டீரியா நாலு வாரம் தங்குவது அபூர்வம். ஆகவே 'இன்ஃபெக்‌ஷன்' என்று சொல்லித் திரும்பத் திரும்ப ஆன்டிபயாட்டிக் போடுவதில் அர்த்தம் குறைவு. மருந்துக்கடையில் கொடுக்கும் நார்ஃப்ளாக்சசின்–டினிடசோல் கலவை மாத்திரை நாலு நாள் நிறுத்துவது போலத் தெரியும். குடல் பாக்டீரியா குறைவதால் உப்புசம் தற்காலிகமாக அடங்கியிருக்கலாம், கூடவே கொடுத்த லோபிரமைடு குடலைக் கட்டியிருக்கலாம். மூன்று தடவை ஆன்டிபயாட்டிக் போட்டதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நல்ல பாக்டீரியா அழிந்த இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற ஒன்று வளர்ந்து அதுவே வயிற்றுப்போக்கைக் கொடுக்கும், நிறுத்திச் சில வாரங்கள் கழித்துக்கூட. உங்களுக்கு அது இருப்பதாகச் சொல்லவில்லை. ஆனால் டாக்டரிடம் அந்த மூன்று கோர்ஸையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கிராணி என்று கேட்டீர்களே, அதற்கு வருகிறேன். கிரகணி என்பதன் பேச்சு வழக்கு அது. உடம்பு இளைத்து, சாப்பிட்டது ஒட்டாமல், மாதக்கணக்கில் கழிகிற நிலைக்கு நம் பெரியவர்கள் வைத்த பெயர். இன்றைய மருத்துவம் அதைப் பல நோய்களாகப் பிரித்துவிட்டது. அதில் ஒன்று நம் மண்ணோடு நேரடித் தொடர்புள்ளது: டிராபிகல் ஸ்ப்ரூ. 1960களின் தொடக்கத்தில் வேலூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் இது கொள்ளைநோய் போலப் பரவியது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பேக்கரும் மாத்தனும் அதை ஊர் ஊராகப் போய் ஆராய்ந்தார்கள். இந்த நோயைப் பற்றி உலகம் படிக்கிற பாடத்தில் பாதி அங்கிருந்து வந்தது. சிறுகுடலின் உள்ளே இருக்கும் நுண்விரல்கள் மழுங்கி, கொழுப்பும் வைட்டமின் பி12-ம் ஃபோலிக் அமிலமும் உறிஞ்சப்படாமல் போகும். நாக்கு சிவந்து வழவழப்பாகிவிடும், ரத்தம் குறையும். என்ன கிருமி என்று இன்றுவரை பிடிபடவில்லை, ஆனால் டெட்ராசைக்ளினும் ஃபோலிக் அமிலமும் மாதக்கணக்கில் கொடுத்தால் சரியாகிறது. இப்போது மிகவும் குறைந்துவிட்டது. நான் வருடத்துக்கு ஒன்றிரண்டு பார்த்தால் அதிகம்.

அதே நுண்விரல்கள் மழுங்கும் இன்னொரு நோய் சீலியாக். கோதுமையில் இருக்கும் குளூட்டன் ஒத்துக்கொள்ளாத நிலை. இரண்டாம் உலகப்போரின் கடைசிக் குளிர்காலத்தில் நெதர்லாந்தில் ரொட்டி கிடைக்காமல் ஊரே பட்டினி கிடந்தபோது, இந்த நோயுள்ள குழந்தைகள் மட்டும் தேறியது, கோதுமை மேல் முன்பே சந்தேகம் வைத்திருந்த வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவரின் எண்ணத்துக்கு வலு சேர்த்தது. வட இந்தியாவில் இது ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு இருக்கிறது. சோறு சாப்பிடும் தென்னிந்தியாவில் அதைவிட மிகமிகக் குறைவு. டிடிஜி என்ற ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: பரிசோதனைக்கு முன்னாலேயே சப்பாத்தியை நிறுத்திவிட்டால் நோய் இருந்தும் இல்லை என்று வரும்.

இங்கே நான் அதிகம் பார்ப்பது ஐபிஎஸ் எனப்படும் எரிச்சல் குடல்தான். குடலில் புண் இல்லை, வீக்கம் இல்லை, எந்த ஸ்கேனிலும் ஒன்றும் தெரியாது. ஆனால் குடலின் நரம்புகள் தேவைக்கு மேல் விழிப்பாக இருக்கும். வாரத்தில் ஒரு நாளாவது வயிற்றுவலி, மலம் கழித்தால் வலி மாறுவது, வலியோடு சேர்ந்து மலத்தின் தன்மையும் தடவையும் மாறுவது என்று அதற்கு ஒரு வரையறை வைத்திருக்கிறோம். மூன்று மாதமாகவாவது இருக்கவேண்டும், தொடங்கி ஆறு மாதம் ஆகியிருக்கவேண்டும். ஒரு மோசமான வயிற்றுக் கிருமித்தொற்றுக்குப் பிறகு ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இது ஒட்டிக்கொள்கிறது. இதை 'மனசு பிரச்சினை' என்று தள்ளிவிடுவது தப்பு. பதற்றம் கூட்டும், ஆனால் அது மட்டுமே காரணம் இல்லை. இந்தக் கூட்டத்தில் பல பேர் 'நாள்பட்ட அமீபா' என்ற முத்திரையோடு வருடக்கணக்கில் மெட்ரோனிடசோல் சாப்பிட்டு வாய் கசந்துபோய் வருகிறார்கள். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கெடுதல் செய்யும் அமீபாவும், ஒன்றும் செய்யாத அதன் தம்பி ஒன்றும் ஒரே மாதிரி இருக்கும். மல ரிப்போர்ட்டில் 'அமீபா சிஸ்ட்' என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது.

உங்கள் வலி பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. வலியே இல்லாவிட்டால் ஐபிஎஸ் என்று சொல்ல நான் தயங்குவேன். வயிற்றுப்போக்கு வகை ஐபிஎஸ் என்று முத்திரை குத்தப்பட்டவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு உண்மையில் பித்த உப்புக் கோளாறு இருக்கிறது. பித்தத்தில் வரும் உப்புகளில் சுமார் 95 சதவீதத்தைச் சிறுகுடலின் கடைசிப் பகுதி திரும்ப உறிஞ்சி ஈரலுக்கு அனுப்பிவிட வேண்டும். அனுப்பாமல் விட்டால் அவை பெருங்குடலுக்குள் போய்த் தண்ணீரைச் சுரக்க வைக்கும். பித்தப்பை அறுவை சிகிச்சைக்குப் பிறகு சிலருக்கு வருகிற தண்ணீர்ப் போக்கு பெரும்பாலும் இதுதான். நம் ஊரில் இதற்கான தனிப் பரிசோதனை எளிதில் கிடைக்காது. அதனால் கொலஸ்டிரமின் பொடியைக் கொடுத்துப் பார்க்கிறோம். நின்றால் அதுதான். மற்ற மாத்திரைகளையும் அது பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால் சில மணி நேர இடைவெளி விட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி நாலு வாரத்தைத் தாண்டியும் தங்கக்கூடியது. அசுத்தத் தண்ணீரில் வரும். அழுகின முட்டை நாற்றத்தில் ஏப்பம், உப்புசம், வழவழப்பான மலம். 1681-இல் டச்சு விஞ்ஞானி லேவன்ஹூக் தன் கையால் செய்த மைக்ராஸ்கோப்பில் தன் பேதியையே வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தது இதைத்தான். ஒரு தடவை மலம் கொடுத்தால் தப்பித்துவிடும், மூன்று வேறு வேறு நாள் கொடுக்க வேண்டும். கண்டுபிடித்தால் மருந்து சுலபம்.

இனி, தள்ளிப்போடக் கூடாதவை. இரவு தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வயிற்றுப்போக்கு, மலத்தில் ரத்தம், மாலைக் காய்ச்சல், நிஜமான எடைக் குறைவு, ரத்தசோகை, 45 வயதுக்கு மேல் புதிதாக வந்த மாற்றம், நெருங்கிய சொந்தத்தில் குடல் புற்றுநோய். இதில் ஒன்று இருந்தாலும் மாத்திரை மாற்றிப் பார்ப்பது, காத்திருப்பது எல்லாம் வேண்டாம். உங்களுக்கு வயது 43, எடை 'மூன்று கிலோ குறைந்திருக்கலாம்'. அந்த 'லாம்' எனக்குப் பிடிக்கவில்லை. போன வருடம் சர்க்கரை டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டில் எடை குறித்திருப்பார்கள், தேடி எடுங்கள். அதே மாதிரித் துணியோடு இன்று எடை போட்டுப் பாருங்கள். மெட்ஃபார்மினாலும் கொஞ்சம் குறையும், கட்டுப்படாத சர்க்கரையாலும் குறையும், ஆனால் ஐந்து கிலோவுக்கு மேல் போயிருந்தால் நான் வேறு மாதிரி யோசிப்பேன்.

புற்றுநோய் பற்றி. பெருங்குடல் புற்றுநோய் இந்த மாதிரி ஐந்து மாதம் ஒரே சீராகத் தண்ணீராகப் போக வைப்பது வழக்கமில்லை. மலச்சிக்கலும் கழிச்சலும் மாறி மாறி வருவது, ரத்தம், காரணம் தெரியாத இரும்புச்சத்துக் குறைவு என்று வருவதுதான் அதிகம். உங்கள் விவரிப்பைப் படித்து எனக்கு அந்தப் பயம் முதலில் வரவில்லை. ஆனாலும் இல்லவே இல்லை என்று எழுத்தில் உறுதி கொடுக்க யாராலும் முடியாது.

எங்களையே குழப்புகிற இடம் ஒன்று உண்டு, அது குடல் காசநோயும், கிருமி இல்லாமலே குடலில் நாள்பட்ட வீக்கத்தையும் புண்ணையும் உண்டாக்கும் கிரோன்ஸ் நோயும். இரண்டுமே சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தை விரும்பித் தாக்கும். இரண்டிலும் வலது அடிவயிற்று வலி, எடைக் குறைவு, புண். கொலனோஸ்கோப்பியில் பார்த்தாலும், சதை எடுத்துச் சோதித்தாலும் கணிசமான பேருக்கு எது என்று சொல்ல முடிவதில்லை. கிரோன்ஸுக்குக் கொடுக்கும் மருந்து காசநோய்க்காரருக்கு விஷம். கிரோன்ஸ் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்து அது டி.பி.யாக இருந்துவிட்டால் உடம்பெங்கும் பரவும். ஆகவே சந்தேகமான நேரத்தில் முதலில் காசநோய் மருந்தைத் தொடங்கி, இரண்டு மாதத்தில் மறுபடி கொலனோஸ்கோப்பி செய்து, புண் ஆறியிருந்தால் ஆறு மாதம் முடிக்கிறோம். ஆறவில்லையென்றால் கிரோன்ஸ் பக்கம் திரும்புகிறோம். நோயாளிக்கு இது ஏதோ இருட்டில் கல்லெறிவது போலத் தெரியும். இப்போதைக்கு இதைவிட நம்பகமான வழி எங்களிடம் இல்லை.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தைராய்டு அதிகமாகச் சுரந்தால் குடலும் ஓடும். கணையம் கெட்டால் மலம் எண்ணெய்ப் பசையாகப் பீங்கானில் ஒட்டிக்கொண்டு தண்ணீர் ஊற்றினாலும் போகாது. இது மதுப்பழக்கம் உள்ளவர்களிடமும், சர்க்கரையோடு சேர்ந்தும் வரும். சாப்பாட்டோடு என்சைம் மாத்திரை கொடுத்தால் தேறுவார்கள். பெருங்குடலின் உட்புறம் புண்ணாகும் அல்சரேடிவ் கொலைட்டிஸில் ரத்தமும் சளியும் கலந்து, முழுசாகப் போகாத உணர்வோடு கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். நடுத்தர வயது தாண்டிய பெண்களுக்கு வரும் மைக்ராஸ்கோபிக் கொலைட்டிஸில் குடல் வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருக்கும், சதை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். எச்ஐவி பரிசோதனையை யாருக்கும் விட்டுவிடக் கூடாது, அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் இலவசம். பல வருடச் சர்க்கரையில் குடல் நரம்பு கெட்டு இரவில் போகும். ஆனால் அதற்குப் பெரும்பாலும் பத்து வருடத்துக்கு மேல் ஆகும், பாதம் எரிச்சலும் கூட இருக்கும். உங்களுக்கு மூன்று வருடம்தான்.

ஒரு பாட்டியம்மாவைப் பற்றி மட்டும் சொல்லாமல் போக முடியாது. எழுபத்தைந்து வயது, மூன்று மாதமாகத் தண்ணீராகப் போகிறது, துணியிலேயே போய்விடுகிறது என்று மகன் தூக்கிக்கொண்டு வந்தார். மூன்று இடத்தில் காட்டி, எல்லாரும் நிறுத்தும் மாத்திரையே கொடுத்திருந்தார்கள். கையுறை போட்டு விரல் விட்டுப் பார்த்தேன். மலக்குடல் நிறையக் கல் மாதிரி இறுகிப்போன மலம். அதன் பக்கவாட்டில் வழிந்து வந்த தண்ணீரைத்தான் எல்லாரும் பேதி என்று நினைத்திருந்தார்கள். நிறுத்தும் மாத்திரை அதை இன்னும் இறுக்கிவிட்டது. எனிமா கொடுத்து இரண்டு நாளில் சரியானது. வயதானவர்களுக்கு நாள்பட்ட பேதி என்றால் அந்த ஒரு நிமிடப் பரிசோதனையை விட்டுவிட்டு எந்த ஸ்கேனும் எடுக்காதீர்கள் என்று ஜூனியர்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

உங்களுக்கு நான் எழுதிக்கொடுப்பதாக இருந்தால் ரத்த அணுக்கள், உடம்பில் வீக்கம் இருக்கிறதா என்று காட்டும் ஈஎஸ்ஆர் அல்லது சிஆர்பி, தைராய்டு, மூன்று மாத சர்க்கரை அளவு, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், டிடிஜி, எச்ஐவி, மூன்று நாள் மலப் பரிசோதனை, மலத்தில் கால்புரோடெக்டின் என்று எழுதுவேன். கடைசியாகச் சொன்னது கொஞ்சம் செலவு. ஆனால் குடலில் வீக்கம் இருக்கிறதா இல்லையா என்று பிரித்துக் காட்டும், தேவையில்லாத கொலனோஸ்கோப்பியைத் தவிர்க்கும். எல்லாம் சரியாக இருந்து, மாத்திரை மாற்றி மூன்று வாரத்திலும் நிற்கவில்லை என்றால், கொலனோஸ்கோப்பி செய்துவிடச் சொல்வேன். செய்யும்போது குடல் நன்றாகத் தெரிந்தாலும் சதை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். இந்த வயதில் சிலர் இன்னும் காத்திருக்கலாம் என்பார்கள். அது அவரவர் அனுபவம், தப்பென்று சொல்ல மாட்டேன்.

அதுவரை என்ன செய்வது? லோபிரமைடு இருக்கிறது. பஸ்ஸில் ஏறுவதற்கு முன், கல்யாண வீட்டுக்குப் போகும் முன் ஒன்று போட்டுக்கொள்வதில் தப்பில்லை. மூளைக்கு அநேகமாகப் போகாமல் குடலில் மட்டும் வேலை செய்கிற மருந்து, பழக்கமாகிவிடும் என்ற பயம் அவ்வளவாக வேண்டாம். டாக்டர் சொல்லாமல் ஒரு நாளைக்கு நாலு மாத்திரை, அதாவது 8 மி.கி., தாண்டாதீர்கள். அளவு மீறினால் இதயத் துடிப்பைக் கெடுக்கும். ரத்தமோ காய்ச்சலோ இருக்கும் நாளில் தொடவே தொடாதீர்கள். இசப்கோல் உமி மலச்சிக்கலுக்குத்தான் என்று நினைப்பார்கள், ஆனால் அது தண்ணீரை உறிஞ்சி மலத்தைக் கெட்டியாக்கவும் செய்யும். ஒரு ஸ்பூனில் தொடங்கிப் பாருங்கள். அதிகமாகப் போகிற நாளில் ஓஆர்எஸ். ஒரு லிட்டர் பாக்கெட்டை முழுசாக ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரைத்து அன்றைக்குள் முடிக்க வேண்டும், ஒரு டம்ளரில் ஒரு கிள்ளு என்று போடக் கூடாது. உப்பும் குளுக்கோஸும் அந்த விகிதத்தில் சேர்ந்தால்தான் குடல் தண்ணீரை உள்ளே இழுக்கும். 1971-இல் வங்கதேசப் போர் அகதிகள் மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் காலராவில் மடிந்துகொண்டிருந்தபோது, ஊசிவழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மகாலனோபிஸ் இந்தக் கரைசலை டிரம்மில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார். முப்பது சதவீதம் அளவில் இருந்த சாவு நாலு சதவீதத்துக்கும் கீழே வந்தது. சர்க்கரை நோயாளிக்கும் தேவைப்படும் நாளில் ஓஆர்எஸ் கொடுக்கலாம், தினசரி பானமாக வேண்டாம். அட்டைப் பெட்டியில் வரும் ஆப்பிள், ஆரஞ்சு சுவைப் பானங்கள் இதற்கு மாற்று ஆகாது. அவற்றில் சர்க்கரை அதிகம், இன்னும் கழியும்.

டாக்டரிடம் போவதற்கு முன் ஒரு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். எத்தனை மணிக்குப் போனது, தண்ணீரா கூழா, அதற்கு முன் என்ன சாப்பிட்டீர்கள், இரவு எழுந்தீர்களா, வலி இருந்ததா. பட்டினி கிடந்தால் நிற்கிறதா என்பதும் எங்களுக்கு உதவும் தகவல்தான். ஆனால் கிளிமிபிரைடு இருக்கும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு நீங்களாகப் பட்டினி கிடந்து பார்க்க வேண்டாம், சர்க்கரை தாழ்ந்துவிடும்.

கடைசியாகத் தயிரும் மோரும். நம்மில் பெரியவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குப் பாலில் இருக்கும் லாக்டோஸைச் செரிக்கும் என்சைம் வயது ஏற ஏறக் குறைந்துவிடுகிறது. ஆனால் தயிராகும்போது அந்த லாக்டோஸில் ஒரு பகுதியைப் பாக்டீரியாவே தின்றுவிடுகிறது. மோரில் தண்ணீர் சேர்வதால் இன்னும் குறைவு. ஆகவே மோரை நிறுத்தத் தேவையில்லை. சந்தேகமாக இருந்தால் நிறுத்திப் பார்க்க வேண்டியது பால் டீ, பால் காபி, இரவு டம்ளர் பால் இவற்றைத்தான், அதுவும் இரண்டு வாரம் போதும். ஒரே ஒரு நிபந்தனை: சர்க்கரை மாத்திரை மாற்றுகிற அதே இரண்டு வாரத்தில் பாலையும் நிறுத்தாதீர்கள். முதலில் மாத்திரை, அது முடிந்து இரண்டு வாரம் கழித்துப் பால். இரண்டையும் சேர்த்துச் செய்து வயிறு சரியாகிவிட்டால், எதனால் சரியானது என்று உங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.